சூசையப்பரின் மனைவிக்கு நீலப் பட்டு

இயேசு மரி சூசை

அரியலூர்,
31-8-1979, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தெக்லாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் ஆண்டவர் தயவில் சுகமாயிருக்கிறேன், முழங்கால் மட்டும் தன் பங்குக்குப் புலம்புகிறது, அதற்கு நான் காது கொடுப்பதில்லை. அங்கே நீயும் நிர்மலாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்திலும் மாலை ஜெபமாலையிலும் உங்கள் இருவர் பேரையும் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போகிறேன். உன் பதினெட்டாம் தேதிக் கடிதம் இருபத்து நாலாம் தேதி கைக்கு வந்தது. ஒரு வாரமாய்ப் பதில் இல்லையே என்று வருத்தப்பட்டிருப்பாய். வந்த கடிதத்துக்கு மறுநாளே பதில் போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். இந்தத் தடவை நாலு முறை எழுதி நாலையும் கிழித்துப் போட்டேன். நாலிலும் வந்துவிடு மகளே என்றுதான் எழுதியிருந்தேன், நாலும் கோழைத்தனமாக இருந்தது. இது ஐந்தாவது. இன்லண்டில் அடங்காது என்று கோடு போட்ட தாளில் எழுதிக் கவரில் வைக்கிறேன். தெருப் பெட்டியில் போட்டால் ஒரு நாள் வீணாகும் என்பதால் நானே ஸ்டேஷனுக்கு நடந்து போய் மெயில் வண்டியில் சேர்க்கப் போகிறேன்.

உன் கடிதத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வேலை பார்த்த பிலாய் இரும்பாலையில் உனக்கு ஆபீஸில் கிளார்க் வேலை கொடுக்க உத்தரவு வந்திருக்கிறது. செப்டம்பர் பத்தாம் தேதி காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த வேலை அடுத்தவருக்குப் போய்விடும், பிறகு கேட்டாலும் கிடைக்காது, குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். நீ எழுதியிருக்கிறாய், அம்மா நீங்கள் ஒரு வருஷம் வாசல் தாண்டாதே என்று சொல்லிவிட்டுப் போனீர்கள், ஜனவரி வரை இன்னும் நாள் இருக்கிறது, இந்தக் கோலத்தில் நாற்பது ஆண்கள் நடுவில் போய் உட்கார எனக்குக் கால் எழவில்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடட்டுமா என்று. என் பதில் இதுதான். வராதே. பத்தாம் தேதி வேலையில் சேர். அந்த வெள்ளைப் புடவையில் போய்ச் சேராதே. இதைச் சொல்ல உங்களுக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம், கேட்பதுதான் நியாயம், அதற்குத்தான் இத்தனை தாள்.

ஜனவரியில் நான் பிலாய் வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை அமலதாஸை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் ஐந்தாம் நாள் இல்லை என்றால் யாருக்குத்தான் புத்தி நிலையில் இருக்கும். உனக்கு இல்லை. எனக்கு இருந்தது, அதுதான் என் குற்றம். தந்தி கிடைத்து வரும் வழியில் மெட்ராஸில் வண்டி மாற நாலு மணி நேரம் இருந்தது, அந்த நாலு மணி நேரத்தில் நான் கடைக்குப் போய் ஆறு வெள்ளைப் புடவை எடுத்தேன். மகள் எப்படி அழுதுகொண்டிருப்பாள் என்று நினைக்குமுன் மகள் என்ன கட்டிக்கொண்டிருப்பாள், காலனியில் இருக்கிற தமிழ்ச்சனம் என்ன பேசும், டீச்சர் மகள் வளர்ந்த லட்சணம் இதுதானா என்பார்களோ என்று நினைத்தேன். வந்த அன்றே உன் ரோஸ் நிறப் புடவையை நான்தான் அவிழ்த்தேன். கையைத் தூக்கு என்றேன், தூக்கினாய், சின்ன வயதில் சட்டை மாற்றும்போது தூக்குவாயே அப்படி. நிர்மலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். இரண்டு நாள் அவள் உன் பக்கத்தில் படுக்க வரவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாளிடம் போய், எங்கம்மாவ வேற யாரோ மாதிரி ஆக்கிட்டாங்க என்று சொன்னாளாம், அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நான் சொன்னேன். அந்த வீட்டில் அன்றைக்குக் கண் சரியாகத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். தாலியைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அதை நீயே கழற்றி மாப்பிள்ளையின் ஜெபமாலையோடு வைத்துக்கொண்டாய். அது உனக்கும் அவருக்கும் உள்ளது, அதில் எனக்கும் வேலை இல்லை, ஊருக்கும் வேலை இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று உன் கடிதம் வந்ததிலிருந்து யோசிக்கிறேன். எனக்கு நானே செய்துகொண்டதைத்தான் உனக்கும் செய்தேன். உன் அப்பா போய்ப் பதினோரு வருஷம். அதற்கு முன் இருபது வருஷம் நம் கோவில் மாதா சுரூபத்துக்குத் திருநாள் புடவை கட்டியது நான் என்பது உனக்கு நினைவிருக்கும், பாவாடை கட்டின வயதில் நூல் கண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாய். மனுஷிக்குக் கட்டுவது போலச் சுரூபத்துக்குக் கட்ட முடியாது. மரத்துக்கு இடுப்பு வளையாது, கொசுவம் நிற்காது. முதலில் பழைய பருத்தித் துணியை நாடா வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும், கொசுவத்தை என் முழங்கால் மேல் வைத்து மடித்து நூலால் கட்டி, அதற்குப் பிறகுதான் சுரூபத்தில் செருக வேண்டும், குண்டூசி ஒன்றுகூட ஏறக் கூடாது. எனக்கு இதெல்லாம் கான்வென்ட் போர்டிங்கில் வந்தது. பீடத் துணிக்குக் கஞ்சி போடுவதும் லேஸ் பின்னுவதும் சொல்லிக்கொடுத்த மதர் எங்கள் தையலை வாங்கினால் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார், பின்பக்கத்தில் முடிச்சு தெரிந்தால் முன்பக்கத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படிப் பழகியவள் நான். அழகு என்பது ஆடம்பரம் இல்லை, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தால் அதில் தானாக வந்து நிற்பது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்பா இறந்த வருஷம் திருநாளுக்கு முன் மாதா சபைக் கூட்டம் போட்டபோது, யாரும் வாய் திறக்குமுன் நானே எழுந்து எனக்குக் கண் மங்கிவிட்டது, இனி வேறு யாராவது கட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். என் கண் இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கும். தாலி அறுத்தவள் தொடக் கூடாது என்று அவர்கள் சொல்லி நான் கேட்கும்படி ஆகக் கூடாது, அவ்வளவுதான். அவர்கள் அனுப்புமுன் நானே என்னை வெளியே அனுப்பிக்கொண்டேன், அதற்குக் கௌரவம் என்று பேர் வைத்தேன். வெள்ளை எனக்குப் பிடிக்கும் மகளே, மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பிடிக்காது தெக்லா. ஒரு நாளும் பிடித்ததில்லை. சிமெண்ட் ஆலை வந்த பிறகு இந்த ஊரில் ஓடு வெள்ளை, முருங்கை இலை வெள்ளை, கொடியில் காயும் துணி வெள்ளை. காலையில் எழுந்ததும் ஈரத் துணியால் மல்லிகைக் கொடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன், துடைத்த இலையின் பச்சையைப் பார்த்துக்கொண்டே அஞ்சு நிமிஷம் நிற்கிறேன், பிறகு உள்ளே வந்து அதே தூசி நிறத்தில் ஒரு புடவையை எடுத்துக் கட்டிக்கொள்கிறேன். பதினோரு வருஷம் பிடிக்கும் பிடிக்கும் என்று பொய் சொன்னதைப் போன சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உன்னிடமும் இப்போது சொல்லியாயிற்று.

எனக்குப் பிறகு புடவை கட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டது ரைஸ்மில் வீட்டு செபஸ்தியம்மாள், உனக்குத் தெரியும், மாதா சபைத் தலைவி. கெட்டவள் இல்லை, கை வேலை மட்டும் சுத்தமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ குவைத்திலிருந்து மாதாவுக்கென்று நைலெக்ஸ் புடவை அனுப்பினார்கள், அது சுரூபத்தில் நிற்காமல் தோளிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. அப்போது எனக்கு ஆள் அனுப்பினாள். போனேன். பீடத்துக் கிராதிக் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்னு சொல்லுங்க டீச்சர், நாங்க கட்டிக்கிறோம், கை மட்டும் வைக்க வேணாம் என்றாள். நானும் நின்றேன். வலது பக்கம் இழு, இன்னும் கொஞ்சம், அதை உள்ளே மடி என்று, அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று சமையல் சொல்லிக்கொடுப்பது போல. போன வருஷமும் நின்றேன். இதை உனக்கு எழுதவில்லை, வெட்கமாயிருந்தது. இன்னொன்றும் இவர்களுக்கு உண்டு. புடவை கட்டி முடித்ததும் முதல் பூச்சரத்தைச் சுமங்கலி கையால் வாங்கித்தான் சாத்துவார்கள். இது எந்தப் பூசைப் புத்தகத்தில் இருக்கிறது, யார் கொண்டுவந்தது என்று ஒருவருக்கும் தெரியாது, வழக்கம் என்பார்கள். அந்த முதல் சரம் ஒன்பது வருஷமாகப் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் செங்கமலம் கையிலிருந்துதான் வருகிறது. அவள் இந்து, சிறுவாச்சூர்ப் பக்கத்துக்காரி, எப்போதும் சிவப்போ மாம்பழ நிறமோ கட்டியிருப்பாள், நெற்றியில் காளி கோவில் குங்குமம், கழுத்தில் ஒரு கறுத்த கயிறு. சிரிப்பு ஓயாது. செபஸ்தியம்மாள்தான், மகராசி கையால் குடு என்று கேட்டு வாங்குவாள்.

போன திங்கட்கிழமை மதியம் திருநாளுக்கு எத்தனை முழம் வேண்டும் என்று கேட்க அந்த செங்கமலம் வீட்டுக்கு வந்தாள். உன் கடிதம் என் மடியில் இருந்தது. யாரு காயிதம் டீச்சரம்மா, மவளா என்றாள். நான் யாரிடமும் வீட்டு விஷயம் பேசுகிறவள் இல்லை, அன்றைக்கு என்னமோ சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, வேலை குடுக்குறேங்கிறான், போவாம என்னவாம் என்றாள். அதெல்லாம் உனக்குப் புரியாது என்று சொல்லிக் கூடையைப் பார்த்தேன். அவள் கிளம்பவில்லை, பூக்கட்டிக்கொண்டே, ஆமா டீச்சரம்மா, ஒங்க மாதாவுக்கு வூட்டுக்காரரு உண்டுல்ல, தாடி வச்சுக்கிட்டுக் கையில பூவோட நிப்பாரே, அவரு என்னானாரு என்று கேட்டாள். சூசையப்பர், இயேசு பிரசங்கம் செய்யத் தொடங்குமுன்பே இறந்துவிட்டார் என்றேன். அப்ப அவுகளும் நம்ம கூட்டந்தான்னு சொல்லுங்க என்று சிரித்தாள். நம்ம கூட்டம் என்கிறாயே, நீ எப்படி இதில் சேர்த்தி என்றேன். எம் புருசன் போயிப் பன்னெண்டு வருசமாவுது, நீங்க கேட்டதுமில்ல நான் சொன்னதுமில்ல என்றாள். கழுத்தில் கயிறு இருக்கிறதே என்றேன். இது ஆத்தா கோயில்ல மந்திரிச்சது, மவளுக்கு அம்மை பாத்தப்பக் கட்டுனது என்றாள். அப்படியானால் உங்களில் வெள்ளை கட்டுகிற வழக்கம் இல்லையா என்றேன், கேட்கும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை. எங்க சனத்துல யாரு வெள்ளை கட்டுறா, சேத்துல எறங்கி நாத்து நட வெள்ளையா கட்டிக்கிட்டுப் போவ முடியும், மறுநா சோறு திங்க வேணாமா என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, அந்த மனுசன் மேல எனக்கு ஆசை இல்லாமயா இருந்துச்சு டீச்சரம்மா, இன்னும் நெனச்சா நெஞ்சு அடைக்குது, அதுக்குச் சேலை என்ன பண்ணும் என்றாள்.

அவள் போன பிறகு நான் எழுந்து சூசையப்பர் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஐம்பது வருஷமாகத் தினமும் நல்ல மரணத்துக்காகச் சூசையப்பரை வேண்டுகிறேன். இயேசுவும் மாதாவும் பக்கத்தில் இருக்க உயிர் விட்டவர் என்பதால்தான் அவரை நல்ல மரணத்தின் பாதுகாவலர் என்கிறோம், அந்தப் படம் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. அந்தக் கட்டிலின் பக்கத்தில் நிற்கிற பெண் அந்த நிமிஷம் கைம்பெண் ஆனாள் என்பது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, படிக்காத ஒரு பூக்காரி கேட்க வேண்டியிருந்தது. சிலுவையடியில் நின்றது கைம்பெண். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்து, பயந்து பதுங்கியிருந்த அத்தனை ஆண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து ஜெபித்ததும் அவர்தான். அந்த அம்மாளுக்குத்தான் நாம் நீலப் பட்டும் பூவும் முத்து மாலையும் சாத்தித் தேரில் வைத்துத் தெருவெல்லாம் அழைத்துப் போகிறோம். அதே தெருவில் என்னைக் கிராதிக்கு வெளியே நில் என்கிறோம், உன்னை அறைக்குள் இரு என்கிறோம். என்ன விசுவாசம் இது.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். எங்கே மாறியது என்று நானும் பார்க்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் மகளிர் ஆண்டு என்று டவுனில் கூட்டம் போட்டார்கள், மேடையில் ஆண்கள் ஐந்து பேர், அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு பெண். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் சினிமா போஸ்டர், ஒரு பெண்ணின் புடவையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து ஒட்டியிருக்கிறார்கள். கோவிலில் பிரசங்கம் கேட்டால் ரவிக்கையின் கை எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று அரைமணி நேரம், கள்ளச்சாராயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போஸ்டர்காரனும் பிரசங்கியாரும் செபஸ்தியம்மாளும் மெட்ராஸ் ஜவுளிக்கடையில் நின்ற நானும் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தோம், ஒரு பெண் மேல் இருக்கிற துணியைப் பார்த்து அவளுக்கு விலை போட்டோம். பின் தெரு இராமலிங்கத்தின் மனைவி பங்குனியில் இறந்தாள், பாவம் நல்ல பெண். வைகாசியில் அவர் மீசைக்கு மை போட்டுக்கொண்டு மயில்கண் கரை வேட்டியில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அவர் வேட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் அவர் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தார்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை, சாப்பிடட்டும்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம், கொடியேற்றத்துக்கு முதல் நாள், வழக்கம் போல ஆள் வந்தது. நான் பெட்டியில் கர்ப்பூரம் போட்டு வைத்திருந்த பழைய நீலப் பட்டை எடுத்துக்கொண்டு போனேன், அது என் காலத்தில் கட்டியது. கோவிலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். செபஸ்தியம்மாள் நைலெக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், வாயில் நாலு குண்டூசி. நான் கிராதிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். சுரூபத்துக்கு முன் தலை வணங்கிவிட்டு, தள்ளிக்கொள் செபஸ்தி என்றேன். அவள் குண்டூசியைத் துப்பிவிட்டு, அக்கா, நல்ல நாளும் அதுவுமா நீங்க இப்புடிப் பண்ணலாமா, தாலி அறுத்த கை பட்டா ஊருக்கே ஆவாதும்பாங்களே என்றாள். நான் வாய் திறக்குமுன் பக்கத்து வாசலில் கூடையோடு நின்ற செங்கமலம், அப்ப ஒம்போது வருசமா ஆவாமத்தான இருந்திருக்கணும், எம் புருசன் செத்துப் பன்னெண்டு வருசமாவுதே ஆத்தா என்றாள்.  செபஸ்தியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அடிப் பாவி, ஒரு வார்த்தை சொன்னியாடி என்றாள். நீங்க பூவுதான கேட்டீங்க, புருசனையா கேட்டீங்க என்றாள் அவள். பின்னால் நின்ற பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள், பிறகு இருமுவது போல மறைத்தார்கள். செங்கமலத்தின் வியாபாரம் கெட்டுவிடுமே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. எதற்குச் சொன்னாய் என்று பிறகு கேட்டதற்கு, வாங்காட்டிப் போறாங்க, எங்க காளியாத்தாவுக்குக் கட்டிப் போடுறேன், அவ யாரையும் கேள்வி கேக்க மாட்டா என்றாள்.

பங்குச்சாமியாருக்கு ஆள் ஓடியது. சின்ன வயசு, நல்லவர், இரண்டு பக்கமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். டீச்சரம்மா, திருச்சபைச் சட்டத்துல அப்படித் தடை ஒண்ணும் இல்லீங்க, ஆனா ஊர் வழக்கம்னு இருக்கு, இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கலாமே என்றார். தடை இல்லைன்னு சொன்னீங்களே சாமி, அது போதும் என்றேன். அவர் இன்னும் நின்றார். நான் அவரிடம், சாமி, சூசையப்பர் இறந்தப்புறம் நாசரேத்து ஊர்க்காரங்க மாதாவ எந்தக் கிராதிக்கு வெளியே நிக்க வச்சாங்கன்னு எனக்குச் சொல்லுங்க, நானும் போய் அங்கயே நின்னுக்கிறேன் என்றேன். அவர் என் முகத்தையும் சுரூபத்தையும் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாளைக்கு ஆறு மணிக்குக் கொடி, அதுக்குள்ள முடிச்சிருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தரையில் உட்கார்ந்து முழங்கால் மேல் பட்டை விரித்தேன். முதல் மடிப்பு இரண்டு தடவை பிசகியது, ஒளிக்க என்ன இருக்கிறது. மூன்றாவது மடிப்பில் கைக்கு நினைவு வந்துவிட்டது. ஒன்பது கொசுவம், ஒரு குண்டூசி இல்லை, பின்பக்கத்தை மதர் வந்து திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. முடித்ததும் செங்கமலத்தைக் கூப்பிட்டு முதல் சரத்தை அவள் கையால் வாங்கி நானே சாத்தினேன்.

செபஸ்தியம்மாளும் இன்னும் இரண்டு பேரும் அப்போதே போய்விட்டார்கள். மறுநாள் கொடி ஏறும்போது நல்ல மழை. கொடி நனைந்து கம்பத்தில் ஒட்டிக்கொண்டது, மேளக்காரர்கள் மாட்டுக் கொட்டகைக்குள் ஓடினார்கள். டீச்சர் கை வச்சதால வந்த வெனை என்று இரண்டு மூன்று வாய் சொன்னது என் காதில் விழுந்தது. ராத்திரியும் மழை விடவில்லை. விக்கிரமங்கலத்துப் பக்கமிருந்து வந்த குடியானவர்கள் கடலைக் காட்டுக்கு உசிர் வந்துட்டுது என்று மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினார்கள். முதல் நாள் என்னால் வந்த மழை மறுநாள் காலைக்குள் மாதா தந்த மழையாகிவிட்டது, என் பேரை விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தமும் இல்லை சந்தோஷமும் இல்லை, மேகம் யார் கையைப் பார்த்தும் பெய்வதில்லை. ஆனால் சண்டை முடிந்துவிட்டது என்று நினைக்காதே. எட்டாம் தேதி தேர்ப்பவனியில் நான் தேருக்குப் பின்னால் நடக்கக் கூடாது, நடந்தால் மாதா சபை மெழுகுவர்த்தி பிடிக்காது என்று செபஸ்தியம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பிடிக்காவிட்டால் அவளுக்குத்தான் இருட்டு என்று நான் பதில் சொல்லி அனுப்பினேன், அது கொஞ்சம் அதிகம், அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது உன் காரியம். வண்ணப் புடவைகளை எல்லாம் வேலைக்கார அம்மாளுக்குக் கொடுத்துவிடு என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். பிப்ரவரியில் எழுதிக் கேட்டேன், ஈஸ்டருக்கு எழுதிக் கேட்டேன், நீ மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், அதற்கு மட்டும் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்று அப்போதே புரிந்தது, கோபமும் வந்தது. இன்றைக்கு அந்தக் கீழ்ப்படியாமைக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். பெட்டியைத் திற. ஒரு நாள் வெயிலில் காட்டு. பட்டு வேண்டாம், நைலெக்ஸ் கூடவே கூடாது, நல்ல பருத்தியாக, உனக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக எது தெரிகிறதோ அதை எடு, கஞ்சி திட்டமாகப் போடு, கரையை நேராக வைத்து இஸ்திரி போடு. எந்த நிறம் என்று என்னைக் கேட்டு எழுதாதே. பூ வைப்பதும் வைக்காததும் உன் மனசு. அவரை நினைத்து என்றைக்காவது வெள்ளை கட்டத் தோன்றினால் கட்டு, அது நீயாக எடுத்ததாக இருக்கட்டும், நான் கொண்டுவந்த ஆறையும் கிழித்து நிர்மலாவுக்குப் பாடிகளும் ஜன்னல் திரையும் தைத்துக்கொள், துணி நல்ல துணி. ஆபீஸில் ரெஜிஸ்டரில் திருமதி அமலதாஸ் என்று மட்டும் எழுதாமல் தெக்லா அமலதாஸ் என்று முழுப் பேரையும் எழுது, நீ எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கு முதல், அந்தப் பேரில்தான் சர்டிபிகேட் இருக்கிறது. படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. பெண் என்பதற்காக டீ ஊற்றச் சொன்னால் எனக்குக் கொடுத்த உத்தரவில் அந்த வேலை இல்லையே சார் என்று மரியாதையாகச் சொல், சிரித்துக்கொண்டே சொல்லாதே, சிரித்தால் மறுநாளும் கேட்பார்கள். டைப்ரைட்டிங் கற்றுக்கொள். பாவம் என்று பார்க்கிறவர்களைவிட முறைத்துப் பார்க்கிறவர்கள் தேவலை, இரண்டு பேரையும் பார்க்காமல் உன் வேலையைப் பார். அழுகை வந்தால் வரட்டும், மாப்பிள்ளை அந்த அழுகைக்குத் தகுதியான மனிதர். அழுதுகொண்டும் வேலை செய்யலாம், நானே மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்ப்பாடு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நிர்மலாவின் காதில் சீழ் நின்றுவிட்டதா என்று எழுது, குளிக்கும்போது பஞ்சு வைக்கச் சொல். நீ இரவில் சாப்பிடாமல் படுக்கிறாய் என்று அவள் எனக்குத் தனியாகக் கார்டு போட்டிருக்கிறாள், அவளைத் திட்டாதே.

நேற்றுக் கூட்டுறவுக் கடைக்குப் போய் எனக்கு ஒரு புடவை எடுத்தேன். வாழை இலைப் பச்சை, அரக்குக் கரை. கடைக்காரப் பையன் மகளுக்கா டீச்சர் என்று கேட்டான், எனக்கு என்றேன். எட்டாம் தேதி சாயந்திரம் அதைக் கட்டிக்கொண்டு தேருக்குப் பின்னால் நடக்கப் போகிறேன், மெழுகுவர்த்தியை நானே பிடித்துக்கொள்வேன். உனக்குப் பத்தாம் தேதி, எனக்கு இரண்டு நாள் முன்னால். அறுபத்தைந்து வயதில் இந்த நடை எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது மகளே, நீ தனியாகப் பயப்படவில்லை என்று தெரிந்துகொள். பேச்சு வருவதென்றால் முதலில் என் மேல் வரட்டும், நான் முன்னே போகிறேன், நீ பின்னே வா.

உன் நெற்றியிலும் நிர்மலா நெற்றியிலும் இங்கிருந்தபடியே சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். ஆண்டவரும் அவருடைய தாயாரும் உங்களோடு இருப்பார்களாக. பத்தாம் தேதி கையெழுத்துப் போட்ட அன்று மாலையே சேர்ந்துவிட்டேன் என்று ஒரு கார்டு போடு, வேறு ஒன்றும் எழுத நேரமில்லாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை போதும்.

உன் அம்மா,
சலேத்தம்மாள்.